ஈரத்தாளில் ஒரு கறை

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். தாளில் அந்தக் கறை தெரிந்தது அப்போதுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது இதுதான். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் பார்த்தார்கள்.

ஒருத்தி டிராயிங் டீச்சர். ஏரிக்கரையில் நடக்கப் போன கணவரைக் காணாமல் ஒன்பது நாள். ஏரியில் வலை போட்டுப் பார்த்தாகிவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, பசிக்கவில்லை. கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. மற்றவன் அவள் கொழுந்தன். மடியில் போனுடன் சோபாவில் கிடந்தான்.

"மறுபடியும் ஏரிப் படமா அண்ணி? அண்ணன் வந்தா, வீட்டுக்குள்ள வெள்ளம்னு கிண்டல் பண்ணுவான்."

"ம்."

"வந்துடுவான் அண்ணி. எங்கயாவது கோச்சுக்கிட்டுப் போயிருப்பான்."

அவள் தாளை நனைத்தாள். வானம், மூடுபனி, மரங்கள், படகுத்துறை. ஈரம் காய்வதற்குள் அதே நிறங்களைக் கீழே தண்ணீருக்குள் இழுத்துவிட்டாள். கரையில் எது நிற்கிறதோ அதன் நிழல்தான் தண்ணீரில் விழும். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம்.

படகுத்துறைக்குக் கீழே கறுப்பாக ஏதோ ஊறியது. அங்கே அவள் தூரிகையே வைக்கவில்லை. பஞ்சால் ஒற்றினாள். போய்விட்டது.

நான்கு பதினாறு. மறுபடி வந்தது. இப்போது நீளமாக. கால்கள் மேலே. தோள். தலை கீழே...

ஒற்றினாள். வந்தது.

"யாரு அண்ணி அது?"

"தெரியல."

நிழல் இருந்தால் ஆளும் இருக்க வேண்டும். படகுத்துறை மேல் ஓர் ஆளை வரைந்தாள். கறையின் பாதத்தோடு பாதம் வைத்து.

சொட்... சொட்...

வரைபலகை விளிம்பிலிருந்து தண்ணீர். தாள் காய்ந்துவிட்டது. சொட்டுவது நிற்கவில்லை.

ஐந்து மணி. படகுத்துறை மேல் வரைந்த ஆளைக் காணோம். அந்த இடத்தில் வெறும் தாள்.

கீழே இருந்தவன் இருந்தான்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போன் வந்தது. கொழுந்தன் பேசினான். வைத்தான்.

"கிடைச்சிட்டான். படகுத்துறைக்கு அடியில. படகு கட்டற சங்கிலியில கால் மாட்டி... தலைகீழா. பத்து நாளா அப்படியே."

அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவன் படத்தின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி... அது நிழல்தானே?"