அழிந்த பன்னிரண்டு சீட்டுகள்

பயிற்சி முகாம் ஒழுங்காக நடந்தால், அதை நடத்தியவனை யாரும் நினைப்பதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்து அவதிப்பட்ட உங்களுக்கு இது தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், விலங்கியல் பட்டத்தோடு பழவேற்காடு ஏரிக்கரை ஆய்வு நிலையம் ஒன்றில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கு, ஏரியில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளைப் பிடித்து அடையாளம் காணப் பத்து நாள் பயிற்சி முகாம்; ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. அது நன்றாக முடிந்தால் என்னை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாக நிலைய அதிகாரி சொல்லியிருந்தார். சோழவரத்தில் அப்பா அதற்குள் எனக்கு வேலை நிரந்தரம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

எளாவூர் வரை போன பெட்டிகள்

மைக்ராஸ்கோப் பெட்டிகளைத் தச்சூர் கூட்டுரோட்டில் இறக்க மறந்த லாரி, ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச் சாவடியில் போய் நின்றது. பஸ் பிடித்து ஓடினேன். உள்ளே என்ன என்று கேட்ட சாவடிக்காரரிடம், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்க்கும் கருவி என்றேன். அவர் லாரி வரிசையைக் காட்டினார்: "கண்ணுக்குத் தெரியறதையே பாத்து முடிக்க முடியல. நீ இன்னாப்பா, தெரியாததைத் தேடிக்கினு கீற?"

மெல்லிய வலை

படகோட்டி எத்திராஜ் பரம்பரையாக ஏரியில் மீன் பிடிப்பவர். எங்கள் துணிவலையை அரை மணி நேரம் இழுத்து, ஒரு பாட்டில் கலங்கல் நீர் கிடைத்ததும் படகில் எல்லோரும் கைதட்டினோம். அவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "மீனை வுட்டுட்டு, மீனு துன்ற தூசியப் புடிச்சிக்கினு போறீங்களே, ஊட்ல இன்னா சார் சொல்வாங்க?"

பேனா

எங்கே எடுத்த நீர் என்று குறித்துப் பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். உயிரிகள் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் கரைசலில் மை நிற்காது. படித்ததுதான். ஆனாலும் ஆறாம் நாள், பட்டம் வாங்கியதற்கு அப்பா கொடுத்த பேனாவால் அன்று எடுத்த பன்னிரண்டு பாட்டில்களுக்கும் சீட்டுகளை அழகாக எழுதினேன். காலையில் கரைசல் வெளிர்நீலம், சீட்டுகள் வெள்ளை. எது கடலோடு சேரும் முகத்துவாரத்து நீர், எது உள் ஏரி நீர் என்று சொல்ல வழியில்லை. உப்பு மிகுந்த நீரிலும் உப்பு குறைந்த நீரிலும் உள்ள உயிரிகளின் வேறுபாட்டைக் கண்டறியத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

ஊகித்து எழுதினால் யாருக்கும் தெரியாது. பென்சிலால் ஒரு சீட்டில் 'முகத்துவாரம்' என்றுகூட எழுதிவிட்டேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டு, வகுப்பில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். அதிகாரி மறுபடி நீர் எடுக்க மறுநாளைக்குப் படகு கேட்டு ஆள் அனுப்பினார். இடைவேளையில், பயிற்சி பெற வந்திருந்த ஒரு பேராசிரியை என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க காலேஜ்ல ஒரு அலமாரி நிறைய பாட்டிலு இப்படித்தாம்பா கீது. நாங்க யாரும் எழுந்து சொல்லல, ஊகிச்சு சீட்டுதான் எழுதினோம்."

அறிக்கை

முகாம் அறிக்கையின் வரைவை நான்தான் தயாரித்தேன். பன்னிரண்டு மாதிரிகள் வீணானதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். எழுது என்றார். எழுதினேன், அதை அவர் அடிக்காமல் மேலிடத்துக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் நிரந்தரம் இல்லப்பா. அந்தப் பத்தியைக் கோடு போட்டுக் காட்டிகீறாங்க. அடுத்த முகாமுக்கு உன்னையே போடச் சொல்லிக் கேட்டுகீறேன், அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

ஆக, சான்றிதழ் முகாமுக்கு வந்தவர்களுக்கு, பயிற்சி அதை நடத்துகிறவனுக்கு என்பதே இந்த வேலையின் நடைமுறை என்று அப்பாவிடம் சொல்ல, சோழவரம் பஸ்ஸில் பழகிக்கொண்டே போனேன்.