சுண்டெலி ஓடுதா?

சொன்னால் சிரிப்பீர்கள். இங்கிலாந்தின் கோஸ்போர்ட் துறைமுகத்திலிருந்து நாங்கள் எட்டுப் பேர் கடலுக்கடியில் போய்வந்த நாட்களில் எங்கள் உயிருக்குக் காவல் ஒரு வெள்ளைச் சுண்டெலி. அதை வளர்த்துக் கொடுத்தவள் கெசையா டிரான்டர். எங்கள் நீர்மூழ்கியின் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஜேபஸின் மனைவி.

பகலெல்லாம் சலவைக் கொட்டகையில் சோப்புத் தண்ணீரில் நிற்பாள். வீட்டுக்கு வந்தால் கொல்லையில் பன்னிரண்டு கூண்டுகள். தெருப் பெண்கள் அவளை எலிக்காரி என்பார்கள். "எலிக்காரிதான். உங்க வீட்டு ஆம்பளைங்க உசுரோட திரும்பி வர்றது யாராலன்னு நெனைச்சீங்க?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. மூழ்கும்வரை பெட்ரோல் இயந்திரத்தில்தான் போவோம். அதன் புகையில் வாசனையே இல்லாத நச்சுக்காற்று ஒன்று உண்டு; மூழ்கி இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அது உள்ளேயே தங்கிவிடும். நமக்கு உறைப்பதற்கு முன்பே சுண்டெலி சுருண்டு விழுந்துவிடும். விழுந்தால் உடனே மேலே வந்து மூடியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

கூண்டைக் கொடுக்கும்போதெல்லாம் கெசையா ஒன்றையே சொல்வாள். "உள்ள யாரும் இதுக்குத் தீனி போடாதீங்க. பசியில இருந்தாத்தான் ஓடிக்கிட்டே இருக்கும். தின்னுட்டுப் படுத்துதுன்னா, தூங்குதா செத்துப்போச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டோமா? பெரிய போர்க்கப்பல்காரர்கள் எங்களைக் கண்டால் மூக்கைப் பொத்துவார்கள். திருடன் மாதிரி அடியில் ஒளிந்து அடிப்பதெல்லாம் ஒரு சண்டையா என்பார்கள். மதிக்க நாதியில்லாத எங்களுக்கு அந்தச் சுண்டெலிதான் செல்லப்பிள்ளை. ஒருவன் பாலாடைக்கட்டி கொடுப்பான், இன்னொருவன் பன்றிக் கொழுப்பு. ஒவ்வொருவனுக்கும் தான் மட்டும்தான் கொடுப்பதாக நினைப்பு. அது பந்தாக உருண்டு நாளெல்லாம் தூங்கியது. ஜேபஸ் ஒருவன்தான் கத்துவான். "எவன்டா இதுக்கு விருந்து வைக்கிறது? மாட்டினான், தோலை உரிச்சிடுவேன்."

அந்த மார்ச் மாதக் காலையில் ஜேபஸுக்குப் பிறந்தநாள். கெசையா சீமைச்சோம்பு போட்டுச் சுட்ட கேக்கை எல்லோருக்கும் பங்கு வைத்தான். அவன் இயந்திரத்தடிக்குப் போனதும் என் பங்கில் ஒரு விரற்கடை கிள்ளிக் கூண்டில் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

மூழ்கிக் கால்மணி நேரம் இருக்கும். பின்பக்கத்திலிருந்து ஜேபஸின் குரல் வந்தது. "நெட்டு, சுண்டெலி ஓடுதாடா?"

கூண்டு என் தலைக்கு மேலே. நிமிர்ந்து பார்த்தேன். பக்கவாட்டில் கிடந்தது. தினமும் கிடப்பதுதானே? கிடக்கிறது என்று சொன்னால் எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுப்பான்.

"ஓடுதுடா, ஓடுது" என்றேன்.

சற்று நேரத்தில் எனக்குத் தலை பிளந்தது. சுக்கான் பிடித்தவன் வாந்தியெடுத்தான். கேப்டன் எப்படியோ மேலே கொண்டுவந்து மூடியைத் திறந்தார். ஏழு பேர் தவழ்ந்து வெளியே வந்தோம். ஜேபஸ் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கையில் ஸ்பேனரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் குழந்தைக்குப் போல் சிவந்திருந்தன. தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

சுண்டெலி செத்தால் காலிக் கூண்டை மட்டும் கெசையாவிடம் திருப்பித் தருவது வழக்கம். மறுநாள் நான் செத்த சுண்டெலியோடேயே அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே ஓர் அதிகாரி வந்து, எலி நோஞ்சானாக எப்போதும் படுத்தே கிடந்திருக்கிறது, அதனால் அது விழுந்தது யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கெசையா கொல்லையில் எல்லாக் கூண்டுகளுக்கும் நடுவில் நின்றாள்.

"நான் குடுத்த எலிதான் அவரைக் கொன்னுடுச்சு, நெட்டு. நோயாளி எலியைக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரியாமப் போச்சே."

வாயைத் திறக்காமல் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்குள் அவள் கூண்டைத் திறந்து அதை உள்ளங்கையில் எடுத்துவிட்டாள்.

"இது ஏன் இவ்வளவு கனமா இருக்கு?"

வைக்கோலில் கேக் துணுக்கும் இரண்டு சீமைச்சோம்பும் ஒட்டியிருந்தன. அவள் அவற்றையே பார்த்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றேன். "அவன் கேட்டான், கெசையா. ஓடுதான்னு கேட்டான். படுத்துக் கிடந்துச்சு. திட்டுவானேன்னு ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுண்டெலியை மெல்லக் கீழே வைத்தாள். சோப்பில் வெடித்த கையை முன்துணியில் வெகுநேரம் துடைத்தாள். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு கூண்டை எடுத்து வந்தாள். உள்ளே ஒன்று சக்கரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் உங்க படகு போகும்ல? இதைக் கொண்டு போ" என்று என் கையில் திணித்தாள். "யாராவது கேட்டா, பாத்ததைச் சொல்லு."