மச்சானோடு நடந்த நடை

என் மனைவியின் அண்ணன் தோளில் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்ற காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. கையில் இன்னொரு மண்வெட்டி. அது எனக்கு.

எனக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆபரேஷன் ஆனது, அப்புறம் சில மாதத்துக்கு ஒரு தடவை ஹார்மோன் ஊசி. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய உடம்பு, ஒரு குடம் தண்ணீர் தூக்கவே மூச்சு வாங்கியது. இருமினால், தும்மினால் மூத்திரம் சொட்டியது. வெளியே போவதை நிறுத்தினேன். பேச்சும் நின்றுபோனது. அடுத்த ஊசிக்குப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது என்றார். எங்கள் ஊர் மானாம்பதியில் ஓர் ஆள் வேலை இல்லாமல் சும்மா நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதற்குத்தான் மண்வெட்டி.

"மடை பாக்கப் போற மாதிரி வா மச்சான். எவனும் கேக்க மாட்டான்" என்றார் மச்சான்.

கேட்டார்கள். டீக்கடையில் ஒருவன், "இன்னா மாமா, ரெண்டு பேரும் மண்வெட்டியத் தூக்கிக்கினு கெளம்பிட்டீங்க? ஒங்களுக்கு ஒரு சென்ட் கழனி கூட கெடயாதே!" என்றான்.

மச்சான் நடையை நிறுத்தவில்லை. "ஒன் கழனிய எங்களுக்கு எழுதி வைக்கிறேன்னு ஒங்கப்பன் சொல்லிக்கீறாரு. அதான் ஒரு தபா பாத்துட்டு வரலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்ததில் லுங்கி நனைந்துவிட்டது. அதற்கு மேல் கால் நகரவில்லை. அவர் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துக் கால்வாய்க்கு இழுத்துப்போய், தண்ணீரில் என்னை உட்கார வைத்து, தானும் இடுப்பு முங்க உட்கார்ந்தார்.

"இப்ப எந்த லுங்கி எதனால நனஞ்சிதுன்னு எவன் சொல்லுவான்?"

தண்ணீரில் இருந்தபடியே ஊசி விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அப்புறம், "நீ பூட்டா நான் எவன் கூட மச்சான் நடக்கறது?" என்றார்.

அந்த ஊசிக்குப் போனேன். மறுநாளும் நடந்தோம், அதற்கப்புறமும் நடந்தோம். நடந்ததால் நோய் போய்விடவில்லை. தூக்கம் வந்தது. வீட்டில் நாலு வார்த்தை பேச வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

போன தையில் நெஞ்சு வலி வந்து அவர் போய்விட்டார். இப்போது நான் தனியாக நடக்கிறேன். ஏன் நடக்கிறாய் என்று யாராவது கேட்டால், உடம்பில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் கொஞ்ச தூரம் கூட வருகிறார்கள்.