ஜுசாராவின் மூன்றாவது பதிவேற்றம்

பிரேசிலின் குரிச்சிபா நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் ஜுசாராவுக்கு வீட்டில் இன்னொரு வேலை உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் ஒரு சிறு நிரலை, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் களஞ்சியத்தில் அவள்தான் பராமரித்து வந்தாள்.

பழைய பதிப்பு பின்னங்களில் நடுக்கோட்டை விட்டுவிட்டது. பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு நடத்தும் அவள் தோழி தால்வா, தானும் பார்வையில்லாதவள், பிள்ளைகள் அரையைப் பன்னிரண்டு என்று படிப்பதாகத் திட்டித் தீர்த்தாள். ஜுசாரா அதைச் சரிசெய்து ஞாயிறன்று ஏற்றினாள். ஆனால் களஞ்சியத்தில் எதுவும் நேரே மக்களிடம் போய்விடாது. அந்த நிரலை நம்பியிருக்கும் மற்ற நிரல்களை இயந்திரங்கள் ஓட்டிப் பார்க்கும். ஐந்து நாள் பழுதில்லாமல் கழிந்தால்தான் வெளியீட்டுக்குத் தயாராகும் அடுத்த கட்டம். இந்த முறை வெளியீட்டுக்கான அந்த வாசல் சனிக்கிழமை இரவு அடைபடும். தவறினால் பள்ளிக்கு அடுத்த வெளியீடு இரண்டு வருடம் கழித்துத்தான்.

புதன்கிழமை, நிரலின் குறிப்பில் கிடந்த தன் பழைய மின்னஞ்சல் முகவரி அவள் கண்ணை உறுத்தியது. மாற்றி, மறுபடி ஏற்றினாள். புதிதாக ஏற்றினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும் என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

தால்வா போனில் சிரித்தாள். "பஸ்ஸைத் தொடைக்கணும்னு நடுரோட்டுல நிறுத்துற ஆளுடி நீ."

ஒரே ஒரு வழி இருந்தது. களஞ்சியத்தின் இயந்திரங்கள் ஓட்டிப் பார்க்கத் தன் சரிபார்ப்புச் சோதனையையும் கூடவே கொண்டுவந்து, அதில் தேறும் நிரலுக்கு இரண்டே நாள் காத்திருப்பு. ஆனால் விரலால் படிப்பதை இயந்திரம் எப்படிச் சரிபார்க்கும் என்றாள் ஜுசாரா.

"நான் தடவிப் பாத்து சரின்னு சொல்றேன். அந்தப் புள்ளியை அப்படியே அதுக்குக் குடு. ஒத்துப்போகுதான்னு பாத்துக்கட்டும்."

அன்று மாலை தால்வாவின் அடுக்களையில் பைன் மரத்துப் பின்யோன் கொட்டைகள் வெந்துகொண்டிருக்க, இருவரும் சிமாஹோன் என்ற கசப்புத் தேநீரைக் குடித்தபடி நாற்பது பின்னங்களைப் பிரெய்லில் அச்சிட்டார்கள். தால்வா தடவித் தடவி ஒப்புதல் தந்தாள். வியாழன் காலை ஜுசாரா அந்தப் புள்ளிகளையே சோதனையாகச் சேர்த்து மூன்றாம் முறை ஏற்றினாள். நண்பகலுக்குள் எல்லாச் சோதனையும் தேறிப் பச்சை காட்டியது.

சனிக்கிழமை மதியம் தால்வாவின் கணினி செய்தியை வாசித்தது: அடுத்த கட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவள் அதை மூன்று முறை வாசிக்க வைத்துக் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஜுசாரா அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி," என்றாள் தால்வா. "இனிமே அரையைப் பன்னெண்டுன்னு எழுதினா அது பிள்ளைங்க தப்பு. சந்தோஷமா மார்க் குறைப்பேன்."