கடல் தெரிஞ்சுதா, சார்?

பெருமுக்கல் மலையடிவாரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாத உலர் கழிப்பறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு முழங்கை வரை சாம்பல் அப்பியிருந்தது. உள்ளே போகிறவர்களிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, குழியில் தூவ மரத்தூளும் சாம்பலும் கலந்த டப்பாவை நீட்டுவார். கழுவிக்கொள்ள வெளியே தனி இடம்.

"பழக்கதோஷத்துல குழியில தண்ணிய ஊத்திட்றாங்க சார். அப்புறம் நாத்தம் தாங்காது. அதான் இங்கியே குந்திக்கினு கெடக்குறேன்."

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஒன்றுதான் கேட்டார்: "மேலேர்ந்து கடல் தெரிஞ்சுதா?" வேலைக்கு வந்த நாள்முதல் அவர் ஏறியதே இல்லையாம்.

"நான் பாத்துக்கறேன், நீங்க ஏறிட்டு வாங்கம்மா" என்றேன். சட்டென்று எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய எல்லோர் கையிலும் பாட்டில். முந்தானையை அவிழ்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நானே ஏறி இறங்கினேன்.

"தெரிஞ்சுதா சார்?"

"இல்லம்மா, ஒரே பனி."

"நல்லவேளை" என்று சிரித்தார். "நான் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அன்றிலிருந்து, பனியில்லாமல் வானம் பளிச்சென்று விடிகிற நாளில் எனக்கு மனசு கேட்பதில்லை.