விவசாயி என்ற கட்டம்

இரண்டு நிமிடம். அந்த இழவெடுத்த வரியை எழுதியவன் நான்தான்.

நெல் கொள்முதலுக்கு டோக்கன் தரும் மென்பொருளைச் சென்னையில் எங்கள் கம்பெனி செய்தது. அது என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதுவது என் வேலை. கொள்முதல் நிலையத்தில், பகலில் மட்டும் பதிவு. விவசாயியின் போனுக்கு ஓடிபி வரும். இரண்டு நிமிடத்துக்குள் அதைச் சொல்ல வேண்டும். இப்படி எழுதினேன். ஏசி அறையில் ஆறு பேர் அவரவர் போனில் சோதித்தோம். ஆறு பேருக்கும் டோக்கன் விழுந்தது. ஊருக்குப் போய் நாலு பேரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் மேனேஜர் என்கிற புண்ணியவான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அறுவடை சமயம் சொந்த ஊரான உத்திரமேரூருக்கு வந்தவன், சாலவாக்கம் பக்கம் போனேன். கொள்முதல் நிலையத்து வாசலில் ஓர் அம்மா தன் நெல் குவியலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். எட்டு நாளாக டோக்கன் கிடைக்கவில்லையாம். வீட்டுக்கு ஒரே போன். அது ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகனோடு போய்விடுகிறது. அங்கே கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். இவர் இங்கே பதிவுக்கு நிற்க, ஓடிபி அங்கே பெட்டிக்குள் வந்து காலாவதியாகிறது. மகன் திரும்புவதற்குள் பதிவு மூடிவிடுகிறது.

எங்கள் வீட்டுப் போனும் தம்பியோடு இப்படித்தான் ஒரகடம் போகிறது. இது தெரியாதவனா நான்? என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அவர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். மழையில் நனைந்த அடி நெல் வெள்ளையாக முளைவிட்டிருந்தது. இனி அதை யாரும் வாங்கமாட்டார்கள். இந்த ஏற்பாட்டை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை.

"இத்த எழுதறதுக்கு முன்ன எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டியா நைனா? எங்களுக்கோசரம் யாரு சரின்னு சொன்னது?"

சோதனை முடிந்த அன்று வந்த ஒப்புதல் தாளில் 'விவசாயி' என்று ஒரு கையெழுத்துக் கட்டம் இருந்தது. அறையில் விவசாயி யாருமில்லை. நீதான் ஊர்க்காரனாச்சே, நீயே போட்டுவிடு என்றார் மேனேஜர். போட்டேன், சிரித்துக்கொண்டே.

"விவசாயின்னு நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன்," என்றேன்.

அவர் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப உன் நெல்லு எங்க கீது?"