என் மகள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

என் மகளுக்கு ஆறு வயது. ஒரு எழுத்து கொஞ்சம் கோணிவிட்டாலும் விடமாட்டாள். அழிப்பாள், எழுதுவாள், மறுபடி அழிப்பாள். தாள் கிழிந்தால் அடுத்த பக்கம். தட்டில் சோறு ஆறிப்போகும். "இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு எங்கிருந்து வந்துச்சோ" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். எனக்கு முன்கோபம். இருக்கிற கொஞ்சம் பொறுமையும் வேலையிலேயே தீர்ந்துவிடும்.

வேலை பனியன் கம்பெனியில், செக்கிங். தைத்து வரும் பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அவளையும் கூட்டிப்போனேன். அன்றைக்கென்று ஷிப்மென்ட் அவசரம். என் காலடியில் உட்கார்ந்து 'ஞ' எழுதிக்கொண்டிருந்தவள், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேலையை இழுத்தாள்.

"இது சரியா வந்திருக்குதாம்மா?"

நன்றாக இருக்கிறது என்றால் நம்பவில்லை. "இல்ல, வயிறு பெருசாயிருச்சு" என்று மறுபடி அழித்தாள். பத்தாவது தடவையோ என்னவோ, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒரு ஸ்டிக்கரை உரித்து அவள் நெஞ்சில் ஒட்டினேன்.

"ஏனுங்க, இந்தப் பீஸ் டேமேஜுங்க. ரிஜெக்ட்ல போட்டுருங்க!"

கூட வேலை செய்கிற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அழவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஸ்டிக்கரோடு இருந்த சட்டையைக் கழற்ற விடவில்லை. கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள்.

"டேமேஜ் எங்கம்மா இருக்குது? காட்டு, நானே சரி பண்ணிக்கறேன்."

"ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா சும்மா ஒட்டுனேன்."

"நீ சும்மா ஒட்ட மாட்டியே."

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பா ஒட்டிட்டேன் கண்ணு. உனக்கு ஒரு டேமேஜும் இல்ல. நீ இப்படியே இரு."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எல்லாத்துகிட்டயும் சொல்லோணும்."

மூன்று நாள் சொல்லவில்லை. வெட்கம். அவள் விடுவாளா? கதவைத் திறந்ததும் "சொன்னியா?" தான். நான்காம் நாள் டீ நேரத்தில் வாயைத் திறந்தேன்.

"அன்னிக்குப் பிள்ள மேல ஒட்டுனது என்னோட தப்புங்க."

"அட, இதைப் போயி பெருசா சொல்லிக்கிட்டு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. காதெல்லாம் சுட்டது. டம்ளரோடு எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஸ்டிக்கர் ஒட்டிய அன்று அவளுக்கு இப்படி எழுந்து போக இடமில்லை. ஒட்டிய என் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.